பொடிக்குஞ்சுகள் தேடும் வாசல்: கல்லடியிலிருந்து உகந்தை வரை ஆறு நாள்

முதல் நாள், கல்லடி

காலையில் மட்டக்களப்பில் ரயிலால் இறங்கி வீட்டுப் படலையைத் திறந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்குப் பூரணை எண்டு தெரிஞ்சுதான் வந்தயா மகள்?"

தெரிந்துதான் வந்தேன். வைகாசிப் பூரணை. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறந்து, உடுக்குச் சத்தமும் குளிர்த்திப் பாட்டும், கடலோடு சேர்ந்த உவர்நீர் ஏரியான எங்கள் களப்பின் இரண்டு கரையிலும் கேட்கிற காலம் இது. எனக்கு வேண்டிய பாட்டு அதற்கும் கீழே, தண்ணீருக்குள் இருந்தது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம், ஆனால் அந்தப் பாட்டைத் தன் காதால் கேட்டவர்களைத் தேடினால் என் தலைமுறையில் பத்துப் பேரைக் காட்டுவது கஷ்டம். நான் பிறந்து வளர்ந்ததே கல்லடியில்தான். என் பள்ளிக்காலம் போரால் இரவில் யாரும் களப்பில் இறங்க முடியாத காலமாக இருந்தது, அப்புறம் வேலை, கொழும்பு, பிள்ளைகள் என்று போய்விட்டது. நாற்பத்தொரு வயதில் இதுதான் முதல் தடவை.

இரவு பதினொரு மணிக்குத் தம்பியும் நானும் பெரியப்பாவின் தோணியில் ஏறினோம். எஞ்சின் இல்லாத சின்னத் தோணி. மனிங் சீமாட்டியின் பெயரில் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தையும் அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலத்தையும் தாண்டி ஒள்ளுப்பம் தெற்கே போய் நிறுத்தினார். துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னார், கைப்பிடி நுனியைக் காதோடு சேர்த்து வைக்கச் சொன்னார், மூச்சை மெதுவாக விடச் சொன்னார்.

முதலில் கேட்டது பஸ். பாலத்தில் ஒவ்வொரு வாகனம் ஏறும்போதும் தூண் வழியாக இறங்கித் தண்ணீருக்குள் ஒரு இடி மாதிரி வந்து மரத்தில் ஏறியது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. ஒரு மணிக்குப் பிறகு பாலம் ஓய்ந்தது, தம்பி தூங்கிவிட்டான், அப்போதுதான் கேட்டேன். வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டால் அது ஓய்ந்து முடிகிற இடத்தில் ஒரு ரீங்காரம் இருக்குமே, தந்தி அசைவதே கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசி ரீங்காரம், அது மட்டும் நிற்காமல் நீண்டுகொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி. ஒன்றில்லை, பல சுருதி, ஒன்றுக்குள் ஒன்று. நாலு நிமிசம் இருக்கும். பிறகு ஒரு லொறி வந்தது.

1848இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஒலி என்று இதை எழுதி வைத்திருக்கிறார். அவரோடு போன மீனவர்கள் அது ஊரி என்ற நத்தை போடும் சத்தம் என்று சொல்லி ஊரியையே அள்ளிக்கொண்டு வந்து காட்டினார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் நீரரமகளிர் பாடுவதாகப் பாடினார். 1950களில் இங்கே இருந்த அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் அடிகளார் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவே செய்தார். மீனவர்களுக்கும் விபுலானந்தருக்கும் பாடுவது வேறு வேறு ஆள், ஆனால் எல்லோரும் காது வைத்தது ஒரே தண்ணீரில்.

திரும்பும் வழியில் பெரியப்பா வலையில் ஒரு கீச்சான் அகப்பட்டது. உள்ளங்கை நீள மீன், பக்கத்தில் வில் மாதிரி வளைந்த மூன்று கறுப்புக் கோடு. "பிடிச்சுப் பாரு" என்று என் கையில் தந்தார். கிர்ர், கிர்ர் என்று கத்தியது. காதுக்குக் கேட்பதற்கு முன்னமே கைக்குள் தெரிந்தது, கைத்தொலைபேசி அதிர்வது போல ஒரு உதறல். மிதப்பதற்காக மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது, அதை ஒட்டிய தசையைப் படபடவென்று இழுத்து விட்டால் பை பறை மாதிரி முழங்கும். நம்முடைய ஆட்கள் இதற்கு வைத்த பெயரே சத்தத்தை வைத்து வைத்த பெயர்.

"இவன் களப்பில பிறந்தவன் இல்ல," என்றார் பெரியப்பா. "கடல்ல பிறந்து, நகக்கண் அளவு இருக்கக்க முகத்துவாரத்தால உள்ள வந்தவன். இறாலும் அப்பிடித்தான். நாளைக்குப் போய்ப் பாருங்க."

இரண்டாம் நாள், பாலமீன்மடு

தம்பியின் மோட்டார் சைக்கிளில், களப்பு கடலைச் சேரும் முகத்துவாரத்துக்குப் போனோம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு இன்னும் வெள்ளையாக நிற்கிறது, சுற்றுலாக்காரர்கள் அதன் கீழே படம் எடுக்கிறார்கள், நாங்கள் அதைத் தாண்டிக் கண்டல் காட்டுக்குள் இறங்கினோம்.

முழங்கால் வரை சேறு. கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல ஆயிரக்கணக்கான மூச்சுவேர். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு எடுக்கிறது. ஒரு இலையைப் பறித்து நாக்கில் வைத்தேன், கடல் உப்பேதான். வேர் தடுத்ததையும் மீறி உள்ளே வந்த உப்பை இந்த மரம் இலை வழியாக வியர்த்துத் தள்ளுகிறது, காய்ந்த நாளில் இலை மேல் பொடியாகவே படிந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் கண்டலுக்கு இன்னொரு வித்தை. விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பழுத்ததும் கழன்று விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரையில் ஊன்றும். தில்லை மரம் வந்தால் தொடாதே என்று சின்ன வயதில் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

வேர்களுக்கு நடுவே தண்ணீர் தேநீர் நிறம். குனிந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் தண்ணீருக்குள் கண்ணாடி ஊசிகள் அசைவது தெரியும். இறால் குஞ்சு. உடம்பு முழுக்கத் தெளிவாக, இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் கண்ணாக. அத்தாங்கை ஒரு தடவை போட்டுத் தூக்கியதில் பதினேழு எண்ணினேன், அப்படியே விட்டுவிட்டோம்.

இந்த ஊசியின் பயணத்தை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. தாய் இறால் வெளிக்கடலில் லட்சக்கணக்கில் முட்டை இடுகிறது. ஒரு நாளுக்குள்ளேயே முட்டை பொரிக்கும். அப்புறம் இரண்டு மூன்று கிழமை கடல் கொண்டுபோகிற இடமெல்லாம் போய், சில தடவை உருவமே மாறி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் களப்புக்குள் நுழைகிறது. நீந்திப் போட்டி போட்டு நுழைவதற்கு அதற்கு வலு கிடையாது. வற்றும்போது அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெருக்கு வரும்போது மேலே எழும்பித் தண்ணீரோடு உள்ளே வரும், மறுபடி அடி, மறுபடி மேலே. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அந்தச் சின்ன அசைவைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும். பங்குடாவெளிப் பக்கம் தொடங்கிக் கல்முனை வரை 56 கிலோமீட்டர் நீளும் களப்பில் மூன்று நாலு மாதம் தின்று பெருத்து, மழை வெள்ளம் வரும்போது திரும்பிக் கடலுக்குப் போய்விடும். களிநண்டும் இப்படித்தான், சினை நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. விலாங்கு நேர் எதிர். குளத்திலும் ஆற்றிலும் வாழ்ந்துவிட்டு, முட்டையிடுவதற்காக இதே வாசலால் ஆழ்கடலுக்குப் போய் அங்கேயே செத்துப்போகும்.

ஆக இந்த முகத்துவாரம் பூட்டிக் கிடந்தால் இறால் இல்லை. திறந்தே கிடந்தாலும் பிரச்சினை. மாரியில் வயலை வெள்ளம் மூடும்போது முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி வயல்காரர் நிற்பார்கள், வெட்டினால் களப்புத் தண்ணீர் ஒரேயடியாகக் கடலுக்கு ஓடி வளர்ந்தும் வளராத இறாலும் போய்விடும் என்று மீன்காரர் நிற்பார்கள். இரண்டு பக்கத்தாரும் என் சொந்தக்காரர்கள்தான், இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எந்த நாள், எவ்வளவு அகலம் வெட்டுவது என்பதை வயதான மீனவர்களையும் வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானைமாரையும் சேர்த்து இருத்திக் கேட்டு முடிவெடுத்தால் பாதிச் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

நாவலடிப் பக்கம் போனபோது தம்பி வண்டியை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல். 2004 டிசம்பர் 26இல் எங்கள் பெரியம்மா அங்கேதான் இருந்தா.

மூன்றாம் நாள், பாசிக்குடா

பழைய ஆட்கள் பெயர் வைத்ததைப் பாருங்கள். பாசி வளரும் குடா பாசிக்குடா, அதற்கு அடுத்தது கல் கிடக்கும் குடா, கல்குடா. பவளப்பாறையைத்தான் கல் என்றார்கள். நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வாழைச்சேனையில் எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போய்விட்டோம்.

இந்தக் குடாவில் வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது என்று எல்லோருக்கும் தெரியும். அலை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் குறைவு. வெளியே பவளத்திட்டு படுத்துக்கிடக்கிறது, வங்காள விரிகுடாவிலிருந்து வரும் அலை அதன் மேல் மோதி உடைந்து மிச்சம்தான் குடாவுக்குள் வருகிறது.

வாடகைப் படகில் திட்டுக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். பார்க்கத்தான் போனேன். முதலில் வந்தது சத்தம். சடசட, சடசட என்று நாலு பக்கமும், கோயில் வாசலில் கச்சான் வறுக்கிறவர் சட்டியைக் கிண்டும்போது வருமே, அந்தச் சத்தம் அப்படியே. விரலில் பாதி அளவு இறால் ஒன்று, சொடுக்கிறால் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் ஒரு கொடுக்கு மற்றதை விடப் பெரிது, அதைச் சொடுக்கும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அந்த உடைவின் வெடிச்சத்தம்தான் இது. ஆயிரக்கணக்கில் கல்லிடுக்குக்குள் உட்கார்ந்து சொடுக்குகின்றன. அதற்கு நடுவே கறுக், கறுக். அது கிளிமீன். கிளிச்சொண்டு மாதிரிப் பல்லால் கல்லைக் கடித்து, மேலே படிந்த பாசியைத் தின்று, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் பின்னால் வெள்ளை மணல் புகை மாதிரி இறங்கியது. இப்படி வந்த மணலும் இந்தக் குடாவின் மணலில் சேர்ந்துதான் கிடக்கிறது.

முதல் நாள் எழுதாமல் விட்ட ஒரு கேள்விக்கு இங்கேதான் பதில். வெளிக்கடலில் பிறந்த பொடிக்குஞ்சு, நாலு பக்கமும் ஒரே நீலமாக இருக்கும் இடத்தில், வாசல் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? மணம் ஒரு வழி, சத்தம் இன்னொரு வழி. பவளத்திட்டு போடும் இந்தச் சடசடப்பு வெகு தூரம் கேட்கிறது, மீன் குஞ்சுகள் அதை நோக்கி நீந்துகின்றன. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், செத்த பவளக் குவியல்களுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்து, உயிரோடிருக்கும் திட்டின் சத்தத்தை 40 நாள் போட்டுக் காட்டினார்கள். 2019இல் வெளிவந்த முடிவு: சத்தம் போட்ட குவியலுக்கு மற்றதைப் போல இரண்டு மடங்கு மீன் வந்து குடியேறியது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு எங்கள் பாடுமீன் வெறும் அழகுக்குப் பாடுவதாகத் தோன்றவில்லை. தண்ணீருக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மான்கொம்புப் பவளம் ஒன்று, நான் இரண்டு கையையும் விரித்தால் எட்டும் அகலம். கிளைகளின் நுனி இளம் ஊதா, அது வளரும் நுனி. நடுப்பகுதி மண்ணிறம், அந்த நிறம் பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். வெயிலில் சோறு சமைத்துப் பவளத்துக்குப் பெரும் பங்கைக் கொடுப்பது அந்தப் பாசிதான். ஒரு பக்கக் கிளை மட்டும் எலும்பு வெள்ளை. அதைத் தாண்டினால் வெள்ளையும் போய், பச்சைச் சளி மாதிரி நூல்பாசி மூடிய கிளைகள். உயிர், சாகும் தறுவாய், சாவு மூன்றும் ஒரு முழ நீளத்துக்குள் இருந்தது.

கோடையில் கடல் வழக்கமாக எட்டும் உச்சச் சூட்டை விட ஒரு பாகை கூடி, சில கிழமை அப்படியே நின்றாலே போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுக்கும். சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பி வரும், இறங்காவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் எல் நினோ சூட்டில் உலகத்துப் பவளத்திட்டுகளில் 16 சதவீதம் அழிந்தது, அதிகம் அடிபட்டது நம்முடைய இந்தியப் பெருங்கடல்தான். அதற்குப் பிறகு 2010, 2014 முதல் 2017 வரை, மறுபடி 2024இல் நாலாவது உலக வெளுப்பு என்று அறிவித்தார்கள். ஆற நேரம் கிடைக்க வேண்டும், அதுதான் கிடைக்கவில்லை. வெளுத்துச் செத்த திட்டில் சத்தமும் குறைந்துவிடும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். குஞ்சு தேடி வரும் நேரம் வாசலில் கூப்பிட ஆள் இருக்காது.

கடலின் சூட்டை ஏறாவூரில் இருந்து யாரும் குறைக்க முடியாது, அது தெரியும். ஆனால் நான் பார்த்த அந்த ஒரு பவளத்தில் தங்கூசி வலைத்துண்டு சுற்றியிருந்தது, அதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. பக்கத்தில் நங்கூரம் இழுபட்டு உடைந்த வட்டம் ஒன்று. எங்கள் படகுக்காரத் தம்பி நங்கூரம் போடவே இல்லை, மிதவையில் கட்டினான். கேட்டேன். "இது உடைஞ்சா என்ட தொழிலும் உடைஞ்சுரும் அக்கா," என்றான். முந்தி இந்தக் கரையில் பவளக் கல்லைத் தோண்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அவன் வாப்பாவும் அந்த வேலை செய்தவர்தானாம். மகன் அதே கல்லைக் காட்டிப் பிள்ளை வளர்க்கிறான்.

வலையை நாங்கள் மூன்று பேரும் முக்கால் மணி நேரம் செலவழித்துக் கத்தரியால் வெட்டி எடுத்தோம். ஒரு கிளை முறிந்துவிட்டது, என் கைதான்.

நாலாம் நாள், கல்லடிக் கடற்கரை

காய்ச்சல் மாதிரி இருந்தது, எங்கேயும் போகவில்லை. மாலையில் கடற்கரையில் இருந்து கிழக்கே பார்த்தேன். அந்தப் பக்கம், கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டரில், 53 மீட்டர் ஆழத்தில் பிரித்தானியக் கடற்படையின் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானம் தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன, 307 பேர் அதோடு போனார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றைக்கே போயிற்று. அன்று கடலில் கேட்ட வெடியைப் பற்றி அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்த இரும்பில் மென்பவளம் ஒட்டியிருக்கிறது, களவாவும் பாரையும் சீலாவும் கூட்டமாக நிற்கின்றன என்று இறங்கிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மணலடியில் பவளக்குஞ்சு ஊன்ற இடம் கிடையாது, அதற்கு ஒரு கெட்டியான தளம் வேண்டும். அது சாவுக்கிடங்கும்தான், அதனால் இறங்குகிறவர்கள் ஒரு ஆணியும் எடுக்காமல் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் யோசித்தேன். ஏறக்குறைய 20,000 வருசத்துக்கு முந்தி, பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதை விட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்படியென்றால் ஹெர்மிஸ் படுத்திருக்கும் இடம் அன்றைக்குத் தரை. களப்பு இல்லை, முகத்துவாரம் இல்லை, எங்கள் வீடு இருக்கும் மணல்திட்டும் இல்லை. பனி உருகிக் கடல் ஏறி, ஆறேழாயிரம் வருசத்துக்கு முந்தி ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்த பிறகுதான் அலை மணலைக் கோலமாக இழுத்து, உள்ளே தண்ணீரை அடைத்து, களப்பு உண்டானது. இறால் அப்போதும் இருந்தது. அது ஒவ்வொரு தடவையும் புது வாசல் தேடியிருக்கிறது.

ஐந்தாம் நாள், கல்முனை, நிந்தவூர், ஒலுவில்

விடியற்காலை கல்முனைக் கரையில் கரைவலை இழுப்பு. கயிறு தோளில் விழுந்து வரிசையாகப் பின்னுக்கு நடக்கிறவர்கள், ஒருவர் கடைசிக்குப் போனதும் ஓடிவந்து முன்னுக்குப் பிடிக்கிறார். மடி கரை ஏறும்போது பெண்டுகளும் பிள்ளைகளும் பேசின் பாத்திரத்தோடு கூடிவிட்டார்கள். கீரி, சூடை, நெத்தலி, இரண்டு கணவாய், ஒரு குட்டித் திருக்கை. திருக்கையைச் சின்னப் பையன் ஒருவன் வாலைத் தவிர்த்துத் தூக்கிக் கடலில் விட்டான், அதற்காக யாரும் அவனை ஏசவில்லை.

நிந்தவூரில் கடலோரம் நடக்கும்போது காக்கா என்று அண்ணன் முறை சொல்லும் ஒருவரோடு கதைக்கக் கிடைத்தது, அறுபது வயதிருக்கும், தோணிக்காரர். கையை நீட்டிக் கடலுக்குள் காட்டினார். "அந்தா அந்த அலை உடையிற இடம் தெரியுதா மகள், அங்கதான் என்ட மீன்வாடி இருந்த. அதுக்கு அங்கால தென்னை." நாங்கள் நின்ற இடத்தில் அடுத்த தென்னையின் வேர் வெளியே தொங்கியது, கறுப்பு மயிர் மாதிரி, அலை வந்து அதைச் சீவிவிட்டுப் போனது.

தெற்கே ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறந்தது. இரண்டு கல் அணை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் இருக்காது. தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் வடக்கே, வடகிழக்கு வாடைக் காலத்தில் தெற்கே என்று நடந்துகொண்டே இருக்கும், வருசக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் கூட. அணை வந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிக் குவிந்தது. வடக்கே இருந்த கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை தன் பங்கை வழக்கம் போல எடுத்துக்கொண்டே இருந்தது. தெற்கே கரை நீண்டது, வடக்கே ஊர் கரைந்தது. குவிந்த மணல் அணையைச் சுற்றி வந்து துறைமுக வாயையும் அடைக்க, படகு போய்வர முடியாமல் போயிற்று. வாய் திறக்க வேண்டும் என்று தோண்டுகிற மணலை வடக்குக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவதையாவது ஒவ்வொரு வருசமும் தவறாமல் செய்ய வேண்டும், அணை நிற்கும் வரை அது நிற்காத வேலை. கல் போட்டுக் கரையைக் கட்டினால் கல்லுக்கு அடுத்த வளவு கரையும். அதையும் காக்கா காட்டினார்.

அவர் வீட்டில் மீன் ஆணமும் சோறும் தந்துதான் விட்டார்கள். மறுகா வரும்போது இந்த வீடு இருக்குமோ தெரியாது என்று அவர் மனைவி சொன்னதை நான் இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் நாள், பாணமை, உகந்தை, கோமாரி

பொத்துவிலில் தங்கி மூன்றரைக்கே கிளம்பினோம். பாணமை தாண்டினால் காட்டு வழி, யானை நிற்கும், மெதுவாகத்தான் போனோம். உகந்தை முருகன் கோயிலுக்குப் பின்னால் கடற்கரை. முருகனும் வள்ளியும் கல்தோணியில் வந்து இறங்கிய இடம் என்று சொல்வார்கள். ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களால் நிறையும் கரை, இன்றைக்கு எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

வெளிச்சம் வரும்போது தம்பிதான் கண்டான். தண்ணீரிலிருந்து மணல் மேட்டுக்கு உழவு இயந்திரம் ஏறி இறங்கினது போல ஒரு தடம். பேராமையின் தடம், முன்காலை இரண்டையும் ஒன்றாக ஊன்றி இழுப்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குழி. பங்குனி ஆமையாக இருந்தால் கால் மாறி மாறி விழுந்திருக்கும். மேட்டில் மணலைக் கிளறி மூடிய இடம். உள்ளே நூறு முட்டைக்குக் கிட்ட இருக்கும், ஐம்பது அறுபது நாளில் பொரிக்கும். மணல் சூடு கூடினால் பெட்டையும் குறைந்தால் கடுவனுமாகப் பிறக்கும், அதனால் கடல் சுடுவதைப் போலவே மணல் சுடுவதும் இவைக்குப் பிரச்சினை. 1972 முதல் நம் நாட்டில் கரைக்கு வரும் ஐந்து வகை ஆமைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தடத்தை நாங்கள் காலால் கலைத்துவிட்டோம். முட்டை தோண்டுகிறவர்கள் பார்த்து வருவது தடத்தைத்தான்.

குஞ்சு பொரித்து வெளியே வந்தால் வெளிச்சமான பக்கம் பார்த்து ஓடும், இருட்டுக் கரையில் அது கடல் பக்கம். உகந்தையில் விளக்கு இல்லை. அறுகங்குடாவில் கடற்கரையை ஒட்டி இரவு முழுக்க விளக்கு எரிவதை முந்தின நாள் ராத்திரி பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அதைக் கடல் பக்கம் படாமல் மறைத்துப் போட ஒரு தகரம் போதும்.

திரும்பும்போது கோமாரியில் நிறுத்தினோம். மழை போய் மாதக் கணக்காகிவிட்டதால் களப்பின் வாயை மணல் மூடிக்கிடந்தது, ஒரு பக்கம் பச்சையாகக் களப்பு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாற்பது அடி மணல். கடல் பக்கம் அலை ஏறி வழியும் ஓரத்தில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தோம். பொடிக்குஞ்சுகள், ஒரு விரல் நகம் அளவு, முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளி. அலை வரும்போது எல்லாம் ஒரே பக்கம், மணல் மேட்டுப் பக்கம், முகத்தைத் திருப்பி நிற்கின்றன. அலை இழுக்கிறது, மறுபடி வந்து நிற்கின்றன. களப்புத் தண்ணீர் மணலுக்கு அடியால் ஊறி வருகிற இடமாக இருக்க வேண்டும், நான் அள்ளி வாயில் வைத்தேன், உப்பு கொஞ்சம் குறைவுதான். தம்பி உள்ளங்கையில் இரண்டை ஏந்திக் காட்டிவிட்டு விட்டான்.

பெரியப்பாவுக்கு அழைத்துச் சொன்னேன். "அங்க ஐப்பசி மழைக்குத்தான் வாய் திறக்கும்," என்றார்.

"அப்ப இதுகள் என்ன செய்யும் பெரியப்பா?"

"நிக்காது. கொஞ்ச நேரம் பாக்கும், மறுகா திறந்த வாய் தேடிப் போகும். கன குஞ்சு போய்ச் சேராது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கீச்சான் கிடக்கு, குழம்பு வைக்கட்டா? எத்தினை மணிக்கு வருவீங்க?"

எட்டு மணியாகும் என்றேன்.